அப்பாவின் வண்டிக்குச் செயின் மாட்டிய கதை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, முதலில் கவிதை எழுதலாமா என்றுதான் யோசித்தேன். விசாரித்தால், கவிதைகள் ஏற்கெனவே கட்டுக்கட்டாக வந்து கிடக்கின்றனவாம். அதில் பாதி நிலாவைப் பற்றி, மீதிப் பாதி அம்மாவைப் பற்றி! அப்பாவைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. சரி, நாம் அப்பாவைப் பற்றி எழுதுவோம், அதுவும் அவருடைய வண்டியின் செயினைப் பற்றி எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக்கல் மாணவனுக்கு நிலாவைவிடச் செயின்தானே பக்கம்?

எங்கள் வீடு மேலகரத்தில். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அப்பாவுக்குப் பழ வியாபாரம். கடை கிடையாது. சீசன் மாதங்களில் ஐந்தருவி ரோட்டோரம் கூடையை வைத்து ரம்புட்டான், மங்குஸ்தான் விற்பார். சீசன் முடிந்ததும் தென்காசியில் தெருத்தெருவாகக் கொய்யா, வாழை. ஆக, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் சம்பாதிப்பதுதான் எங்கள் வீட்டுக்கு மீதி ஒன்பது மாதத்துக்கும் முட்டுக்கொடுக்கிறது. என் காலேஜ் ஃபீஸும் அதில்தான்.

குற்றாலத்தில் சாரல் அடித்தால் ஊருக்கே சந்தோஷம். எங்கள் வீட்டுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வரும். தண்ணீர் குறைந்தால் ஆள் வராது. கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள், அப்போதும் ஆள் வராது. கொரோனா வந்த 2020-லும் 2021-லும் இரண்டு சீசனுமே அருவியில் குளிக்க அனுமதி இல்லாமல் போயிற்று. அந்த இரண்டு வருடமும் எப்படிப் போயின என்பதை அம்மாவின் காதைப் பார்த்தாலே தெரியும். கம்மல் போனது போனதுதான்.

2024-ல் சீசனுக்கு முன்பே ஒரு துக்கம். அந்த வருடம் மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. உயிர் போன இடத்தில் வியாபாரத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று அப்பா வாயே திறக்கவில்லை. ஆனால் ஜூன் மாதம் கூட்டம் வர ஆரம்பித்ததும், விட்டதைப் பிடிக்க வேண்டுமே என்று ராத்திரி பகலாக ஓடினார். விடிகாலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்துச் செங்கோட்டைக்குப் போய்ப் பழம் எடுத்து, பின்னால் இரண்டு கூடை, டேங்கின் மேல் ஒரு பை என்று கட்டிக்கொண்டு ஐந்தருவிக்கு வந்து சேர்வார்.

வண்டி ஒரு ஸ்ப்ளெண்டர். செகண்ட் ஹாண்டாக வாங்கியது. டேங்கில் இன்னும் 'ஹீரோ ஹோண்டா' என்றுதான் இருக்கிறது. அந்த இரண்டு கம்பெனியும் பிரிந்தது 2010-11-ல். அதிலிருந்தே வண்டியின் வயதை நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் வருகிறார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. சாரலா, வியர்வையா தெரியவில்லை. காலையில் ஐந்தருவி ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் அலறியதாம், வண்டி நகரவில்லையாம். 'கடக் கடக்' என்று செயின் கவருக்குள் ஏதோ உடைவது மாதிரி சத்தம். கூடையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வியாபாரம் முடிந்து, வண்டியை உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

நானும் அப்பாவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனோம். அவர் செயின் கவரில் இருக்கிற ரப்பர் மூடியைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு இரண்டு தட்டுத் தட்டினார்.

"போன வருசமே சொன்னம்லா அண்ணாச்சி, மூணையும் சேத்து மாத்துங்கன்னு. நீங்க செயினு மட்டும் போதும்னு சொல்லிட்டிய. இப்ப புதுச் செயினும் போச்சு, பல்லும் போச்சு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போன வருடம் காலேஜில் எனக்கு ஃபீஸ் கட்டிய மாதம் அது. எனக்கு அது ஞாபகம் இருந்தது.

"இன்னிக்கே போட்டுத் தர முடியுமா?" என்று அப்பா கேட்டார்.

அண்ணாச்சி கடையைக் கையால் சுற்றிக் காட்டினார். குற்றாலத்துக்கு வந்த வெளியூர் வண்டிகள் ஏழெட்டு வரிசையாக நின்றன. "திங்கக்கிழமை காலையில மொத வேலை உங்களது."

சனி, ஞாயிறுதான் குற்றாலத்தில் கூட்டமே. திங்கட்கிழமை வண்டி வந்து என்ன செய்ய? வீட்டுக்கு வந்து அப்பா தார்சாவில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார்:

"எய்யா, நீ மெக்கானிக்கலுதான படிக்கே? ஒரு செயினு மாட்ட முடியாதா?"

நண்பர்களே, அந்த ஒரு கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன்! நான் அப்போதுதான் முதலாண்டு முடித்திருந்தேன். முதலாண்டில் நாம் என்ன படிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், டிராயிங். ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கை வலிக்க அரம் போட்டு 'வி' ஃபிட்டிங் செய்ததுதான் நான் செய்த ஒரே மெக்கானிக்கல் வேலை. அதிலும் இரண்டு துண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது! ஆனால் அப்பா கேட்ட பிறகு, "முதலாண்டு எல்லா பிராஞ்சுக்கும் பொதுப்பா" என்று விளக்கம் சொல்ல நாக்கு வரவில்லை.

"மாட்டிருவேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

மறுபடி அண்ணாச்சியிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். ஆனால் ரிங் ஸ்பேனர், நோஸ் பிளையர், ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரு பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார். "ஒவ்வொண்ணா கழத்தி, கழத்துன வரிசையில தரையில வை. மாட்டையில கடைசில இருந்து எடு. செயின் பூட்டுக்கு ஒரு கிளிப்பு இருக்கும். அதோட மூடின பக்கம், செயினு ஓடுற பக்கம் பாத்து இருக்கணும். மறந்துராத. ராத்திரி பத்து மணி வரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

தென்காசியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் சேர்ந்த செட் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. கடைக்காரர், "முன்னால பதினாலா, பதினஞ்சா?" என்று கேட்டார். கூட வந்த என் சிநேகிதன், "ஏல, பதினஞ்சு போடு, மைலேஜ் கூடும்" என்றான். கடை வாசலில் நின்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 44 பல். 44-ஐ 14-ஆல் வகுத்தால் 22-இன் கீழ் 7! சின்ன வகுப்பிலிருந்து வட்டத்துக்குப் போட்டுப் போட்டுப் பார்த்த அதே எண். இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரம் மூன்று சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 15 போட்டால் இந்த எண் 2.93 ஆகிவிடும். அதே இன்ஜின் வேகத்தில் வண்டி கொஞ்சம் கூடுதலாக ஓடும், ஆனால் இழுவை நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். இரண்டு கூடை பழத்தோடு ஐந்தருவி ஏற்றம் ஏறுகிற வண்டிக்கு மைலேஜா முக்கியம், இழுவையா? "பதினாலே கொடுங்க" என்றேன். அன்றைக்கு நான் எடுத்த முதல் இன்ஜினியரிங் முடிவு அது!

ஏழரை மணிக்கு முற்றத்தில் வேலை தொடங்கியது. நீள வயரில் ஒரு பல்பைக் கட்டி இழுத்தோம். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரத்துக்குச் செங்கல் முட்டு. சாரல் பூத்தூவலாக விழுந்துகொண்டே இருந்தது. தங்கச்சி குடை பிடித்தாள், எனக்கல்ல, பல்புக்கு.

முதலில் செயின் கவர். மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டையும் கழற்றியதும் உள்ளே இருந்தது செயினா, சேறா என்று சந்தேகம் வந்தது. கிரீஸும் மண்ணும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பிக் கிடந்தது. கவர் மூடியிருக்கிற வண்டியில் செயின் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் பத்திரமாக இருப்பது நம் கண்ணுக்கு மறைவாக அது கெட்டுப்போவதுதான். சாரல் தண்ணீர் எப்படியோ உள்ளே போய்விடுகிறது, வெளியே வர வழி இல்லை. அப்பா, "இந்தத் தகரத்தைத் தூரப்போட்டுரலாமா? அடிக்கடி பாக்க வசதியா இருக்கும்லா?" என்றார். வேண்டாம் என்றேன். பின்னால் உட்காருவது அம்மா. சேலை முந்தானை செயினில் மாட்டிய விபத்துகளை நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி ஆகியிருந்தது. முன்னால் இருந்த சின்னது இன்னும் மோசம், பல்லெல்லாம் முள்ளாகிவிட்டது. அது ஒரு நிமிடத்துக்குச் சுற்றுகிற சுற்று பெரியதைப்போல மூன்று மடங்கு. அதனால் தேய்மானமும் கூட.

செயினைக் கழற்றித் தரையில் நீட்டிப் போட்டு, என் டிராயிங் ஸ்கேலை வைத்து அளந்தேன். செயினில் '428' என்று போட்டிருக்கும். அதில் முதல் எண் 4 என்பது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம், அங்குலத்தில் எட்டில் நான்கு. அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. அப்படியானால் இருபது கண்ணி சரியாகப் பத்து அங்குலம், 254 மி.மீ. இருக்க வேண்டும். அப்பாவின் செயினில் இருபது கண்ணி 260 மி.மீ. காட்டியது!

செயின் 'நீண்டுபோச்சு' என்று சொல்கிறோம். இரும்பு ரப்பர் மாதிரி நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசி மயிரிழை மயிரிழையாகத் தேய்கிறது. ஒரு கண்ணியில் 0.3 மி.மீ. தேய்ந்தாலும் இருபது கண்ணியில் அது 6 மி.மீ. அப்புறம் கண்ணிக்கும் பல்லுக்கும் பொருத்தமில்லை. செயின் பல்லின் மேலே மேலே ஏறி உட்காருகிறது. பாரம் கூடினால் ஒரு பல் தாண்டிக் குதிக்கிறது. அந்தக் 'கடக் கடக்' அதுதான். அதே காரணத்தால்தான் தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டாலும் வீண். அளவு சரியான செயின் அளவு தப்பிய பல்லில் முழுதாகப் படியாது. ஒன்றிரண்டு பல்லே எல்லாப் பாரத்தையும் தாங்கும். வருடம் திரும்புவதற்குள் புதிய செயினும் பழையதாகிவிடும். மூன்றையும் சேர்த்து மாற்று என்று மெக்கானிக் சொன்னால் அது வியாபாரத்துக்காக மட்டும் சொல்வதல்ல என்று அன்று புரிந்தது.

பின்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ராடின் நட், பிறகு ஆக்ஸில். ஆக்ஸிலை உருவியதும் சக்கரம் தனியாக வந்துவிட்டது, ஸ்ப்ராக்கெட் மட்டும் வண்டியிலேயே நின்றது. அதையும் கழற்றி எடுத்தேன். இதுவரை எல்லாம் ஜோர். அப்புறம்தான் வந்தது வினை. ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கிற நட்டுகள் அசையவே இல்லை. காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு திருகினேன். ஸ்பேனர் வழுக்கி, என் விரல் முட்டித் தோல் போனதுதான் மிச்சம். அம்மா மஞ்சள்பொடியோடு ஓடிவந்து, "ஏன் பிள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்துதீங்க" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்ப்ராக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணாச்சியிடம் நடந்தேன். அவர் அதை வைஸில் கடித்துப் பிடித்து, நட்டுகளை ஒவ்வொன்றாக 'கிர்ரக்' என்று இளக்கிக் கொடுத்தார். "சக்கரம் வண்டில இருக்கையிலயே, ஒருத்தர் பிரேக்க மிதிக்க, நீ இளக்கிருக்கணும் தம்பி. கையில எடுத்தப்புறம் எதப் பிடிச்சு இளக்குவ?" என்றார். எவ்வளவு எளிய விஷயம்! விசை கொடுக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் ஏதாவது பிடித்திருக்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவன்தான் நான்.

திரும்பி வந்து, முன்பக்கம் கியர் லீவரையும் கவரையும் கழற்றினேன். சின்ன ஸ்ப்ராக்கெட்டை ஒரு தகடும் இரண்டு போல்ட்டும் பிடித்திருந்தன. போல்ட்டை எடுத்துத் தகட்டைக் கொஞ்சம் திருப்பினால் பள்ளத்துக்கு நேராக வந்து கழன்றுவிடுகிறது. பதினைந்து நிமிட வேலை. புதுசு இரண்டையும் போட்டேன். சக்கரத்தை ஏற்றினேன். புதுச் செயினைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பூட்டுக் கண்ணியால் சேர்த்தேன். வெளிச்சம் கீழ்ப்பக்கம் நன்றாக இருந்ததால், சக்கரத்தை உருட்டிப் பூட்டைக் கீழே கொண்டுவந்து, அங்கே வைத்துக் கிளிப்பை மாட்டினேன். அண்ணாச்சி சொன்னது ஞாபகம் இருந்தது. மூடின பக்கம் ஓடுற பக்கம் பார்த்து. வண்டி முன்னால்தானே ஓடுகிறது? மூடின பக்கத்தை வண்டியின் முன்பக்கம் பார்க்க வைத்து, 'டக்' என்று அழுத்திவிட்டேன்.

ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும். வலமும் இடமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, செயினின் நடுவில் விரலால் தூக்கினால் சுமார் 25 மி.மீ. ஆடுகிற மாதிரி டைட் வைத்து, ஆக்ஸிலை முறுக்கினேன். தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் விட்டு, கவரையும் மூடினேன். மணி பதினொன்று.

"முடிஞ்சுதாய்யா?"

"முடிஞ்சுட்டுப்பா."

அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து, ஸ்டாண்டில் வைத்தபடியே கியர் போட்டுப் பார்த்தார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. அப்பா ஒரு தடவை தலையை ஆட்டினார். எங்கள் அப்பாவிடம் அது பெரிய சர்டிபிகேட். சாப்பிட்டுப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை. ஒரு மணி இருக்கும். 'ஓடுற பக்கம்' என்ற வார்த்தை மட்டும் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. அண்ணாச்சி வண்டி ஓடுகிற பக்கம் என்று சொல்லவில்லையே! செயின் ஓடுகிற பக்கம் என்றல்லவா சொன்னார்? எழுந்து, செல்போன் டார்ச்சோடு திண்ணைக்கு வந்தேன். தங்கச்சியின் சைக்கிள் நின்றது. அதை ஸ்டாண்டில் போட்டு, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். மேல் செயின் முன்னால் போனது. கீழ்ச் செயின் பின்னால் போனது!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் கிளிப் மாட்டியது கீழ்ச் செயினில். அங்கே ஓடுகிற பக்கம் என்பது வண்டியின் பின்பக்கம். நான் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். திறந்த வாயை முன்னால் நீட்டிக்கொண்டு அந்தக் கிளிப் ஓடப்போகிறது. சேறோ, கல்லோ, கவரின் விளிம்போ அந்த வாயில் இடித்துத் தள்ளினால் கிளிப் கழன்று விழும். பிறகு பூட்டுத் தகடு. பிறகு செயின் அறும். அறுந்த செயின் சும்மா கீழே விழுந்தால் தப்பித்தோம். ஸ்ப்ராக்கெட்டில் சுருட்டிக்கொண்டு பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டால்? ஈர ரோடு, இரண்டு கூடை பாரம், இருட்டு, என் அப்பா.

உள்ளதைச் சொல்கிறேன் நண்பர்களே. 'ஒன்றும் ஆகாது, எத்தனையோ வண்டி இப்படி ஓடுகிறது, நாளைக்குச் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம்' என்று ஒரு ஐந்து நிமிடம் அங்கேயே நின்றேன். அப்பா தலையாட்டினாரே, அதை இழக்க மனசில்லை. அப்புறம் தனியாகவே கழற்றலாம் என்று முற்றத்துக்குப் போனேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்பேனர் என்று கவரைக் கழற்ற முடியவில்லை. உள்ளே வந்து அப்பாவின் காலைத் தொட்டேன்.

"அப்பா... கிளிப்ப மாத்திப் போட்டுட்டேன்ப்பா. அப்படியே கொண்டு போனா கழண்டுரும்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சரி. டார்ச்ச எங்கிட்ட கொடு" என்றார்.

இரண்டு பேரும் முற்றத்தில் குந்தினோம். மறுபடி கவர், மறுபடி நோஸ் பிளையர். கிளிப்பை எடுத்து, திருப்பி, இந்தத் தடவை பூட்டை மேல் செயினுக்கு உருட்டிக் கொண்டுவந்து, மூடின பக்கம் முன்னால் பார்க்கப் போட்டேன். சக்கரத்தைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு தடவையும் கிளிப் மேலே வரும்போது அப்பாவுக்குக் காட்டினேன். தப்பாக மாட்டினால் ஏன் ஆபத்து என்றும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டே டார்ச்சைப் பிடித்திருந்தார். கவரை மூடும்போது சொன்னார்:

"போன வருசம் செயினு மட்டும் போதும்னது என் தப்பு. எனக்கும் அப்பமே தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டுனேன். எங்கிட்ட யாரும் வந்து சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "நீ எழுப்பிச் சொல்லிட்ட. போய்ப் படு" என்றார்.

நான்கு மணிக்கு அப்பா கிளம்பினார். படுத்தபடியே காது கொடுத்தேன். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பி, மெயின் ரோடு ஏறி, தேயும்வரை கேட்டேன். 'கடக்' இல்லை. மத்தியானம் காலிக் கூடைகளோடு திரும்பி வந்தார். அன்றைக்கு நல்ல கூட்டமாம். பாக்கெட்டிலிருந்து முன்னூறு ரூபாய் எடுத்து என் கையில் வைத்தார். "மெக்கானிக்குக்கு லேபர் சார்ஜ்" என்றார். அந்தப் பணத்தில் ஒரு ரிங் ஸ்பேனர் செட் வாங்கினேன். இன்றும் என்னிடம் இருக்கிறது.

பிற்பாடு வகுப்பில் பவர் டிரான்ஸ்மிஷன் பாடம் வந்தது. "பெல்ட் நழுவும், செயின் நழுவாது. இதுதான் செயின் டிரைவின் முதல் நன்மை" என்று சார் போர்டில் எழுதினார். நான் கையைத் தூக்கி, "சார், எங்க அப்பா வண்டியில நழுவுச்சு சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "எப்ப நழுவும்? வந்து சொல்லு" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்தார். மறுநாள் பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கொண்டுபோய் காட்டினேன். அது இப்போது லேபில், ஜன்னலோர மேஜையில் இருக்கிறது. பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.

அன்றைக்கு சார் செயினின் கதையையும் சொன்னார். லியனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகளிலேயே செயின் படங்கள் உண்டாம். ஆனால் இன்று நாம் ஓட்டுகிற மாதிரி புஷ்ஷும் ரோலரும் வைத்த செயினை 1880-ல் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். அதற்கு முன் பின்னும் தகடும் மெல்லிய விளிம்பில் உரசிச் சீக்கிரம் தேய்ந்தன. அவர் இடையில் ஒரு புஷ்ஷை வைத்ததும் உரசும் பரப்பு அதிகமாகி ஆயுள் கூடியது. சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. நம் தமிழ்நாடும் இதில் சளைத்ததல்ல. 1937-ல் தொடங்கிய கோவை எல்.ஜி.பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் 'ரோலான்' செயினும், சென்னை முருகப்பா குழுமத்தின் டி.ஐ. 'டயமண்ட்' செயினும் நம் ஊர்ச் சரக்குகள்தான். நாளைக்கு நம்மில் சிலர் அங்கே வேலைக்கும் போகலாம்.

வீட்டில் வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரு குடும்பம். மாற்றினால் மூன்றையும் மாற்றுங்கள். நட்டுகளை, சக்கரம் வண்டியில் இருக்கும்போதே இளக்குங்கள். கிளிப்பின் மூடின பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்கட்டும், மேல் செயினில் வைத்து மாட்டினால் குழப்பமே இல்லை. டைட் வைக்கும்போது முறுக்கி முறுக்கி இழுத்துவிடாதீர்கள். ஆட்டம் இல்லாத செயின் பேரிங்கைத் தின்றுவிடும். புதுச் செயின் முதல் 500 கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சாரலில் ஓட்டினால் துடைத்து எண்ணெய் விடுங்கள். மிக முக்கியமாக, இன்ஜின் ஓடும்போது துணியை வைத்துச் செயினைத் துடைக்கவே துடைக்காதீர்கள். துணியோடு விரலும் போய்விடும். சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைத்தால் ஐந்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

இப்போது அப்பா செயின் கவரின் ரப்பர் மூடியை வாரம் ஒரு தடவை அவரே கழற்றி, விரல் விட்டுப் பார்க்கிறார். சந்தேகம் என்றால் என்னைக் கூப்பிடுகிறார். போன சீசனில் அண்ணாச்சி கடையில் நிற்கும்போது யாரோ, "உங்க வண்டிக்கு யாரு செயினு போட்டது? சத்தமே இல்லயே" என்று கேட்டாராம்.

"எம் பையன்தான்" என்றாராம் அப்பா. "ரெண்டு தடவ மாட்டுனான்" என்றும் சேர்த்துச் சொன்னாராம்.

அண்ணாச்சிதான் என்னிடம் சொன்னார்.